ஊரடங்கில் ஓர் ஆடிட்டர் அலுவலகம்: வீட்டிலிருந்து கணக்கு எழுதிய ஊழியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை மேற்கு மாம்பலத்தில் உள்ள சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கொரோனா ஊரடங்கு காலத்தில், 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது அலுவலகத்தின் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. இந்த ஆய்வு முதன்மையாக ஒரு மூத்த கணக்கரைப் பற்றியது. நாற்பது வயதை நெருங்கிய பெண்மணி, பெரம்பூரில் வசிப்பவர். இதை அவர் படித்துப் பார்த்து, பெயரில்லாமல் வெளியிட ஒப்புதல் தந்திருக்கிறார்.

எங்கள் அலுவலகம் காகிதத்தை நம்பி இயங்கியது. வாடிக்கையாளர்கள் பில் கட்டுகளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். கணக்கர்கள் அவற்றைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஏற்றுவார்கள். வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கமே கிடையாது. அந்தப் பெண்மணி போட்ட பதிவை இரண்டாம் முறை யாரும் சரிபார்ப்பதில்லை. அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அவருடைய வீடு முதல் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு போர்ஷன். கணவர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு, மாமியாருக்குச் சர்க்கரை நோய். தண்ணீர் மோட்டார் கீழே, மூன்று குடித்தனங்களுக்கும் பொது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவருடையது.

மார்ச்: அவசர ஏற்பாடு

மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்றிரவே நாடு முழுவதற்குமான ஊரடங்கை மத்திய அரசு அறிவித்தது. மாலைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், மாற்றாக வைத்திருந்த பழைய கணினிகளை ஊழியர்களிடம் கொடுத்தனுப்பினோம். பெரம்பூருக்குப் போன கணினி போர்வையில் சுற்றப்பட்டு ஆட்டோவில் போனது. அதை வைக்க மேசை இல்லாததால், தையல் மெஷினின் தலையை உள்ளே மடக்கி, அந்தப் பலகையின் மேல் விசைப்பலகையை வைத்துக்கொண்டார்.

டேலியும் தரவுகளும் அலுவலகக் கணினிகளிலேயே இருந்தன. ஊழியர்கள் வீட்டிலிருந்து இணையம் வழியாக அந்தத் திரையைத் திறந்து வேலை செய்ய வேண்டும். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை இணைப்பில் இருக்க வேண்டும், காலையும் மாலையும் வீடியோ கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும் என்பது ஆடிட்டர் வகுத்த ஒழுங்கு. அதற்குக் காரணம் இருந்தது. மார்ச் 24 அன்றே நிதியமைச்சர் வருமான வரி, ஜிஎஸ்டி கெடுக்களை நீட்டித்திருந்தாலும், எல்லாருக்கும் ஒரே அளவு சலுகை கிடைக்கவில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் மார்ச் மாதத்துக்கான 3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தை மே 5-க்குள் கொடுத்தால்தான் வட்டியில்லை. அதற்குப் பிறகு ஜூன் 24 வரை 9 சதவீத வட்டி. அத்தகைய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஹார்டுவேர் மொத்த வியாபாரி. அவருடைய கணக்கு அந்தப் பெண்மணியின் பொறுப்பில் இருந்தது.

ஏப்ரல், மே: கவனித்தவை

ஏப்ரல் நடுவிலேயே சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. காலைக் கூட்டத்தில் அவர் கேமராவை அணைத்தே வைத்திருந்தார். பகலில் அனுப்பிய கேள்விக்கு நள்ளிரவு தாண்டிப் பதில் வந்தது. முன்பெல்லாம் ஒரு சந்தேகத்தைக் கேட்டால் விளக்கமாகப் பேசுபவர், இப்போது ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்.

ஹார்டுவேர் வியாபாரியின் படிவம் கெடுவுக்குள் போய்விட்டது. வழக்கமாக நிறுவனங்களின் படிவத்துக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தேவை. ஊரடங்கை முன்னிட்டு ஓடிபி வழியாகத் தாக்கல் செய்ய அரசு அனுமதித்தது பெரிய உதவி. ஆனால் மே இரண்டாம் வாரம், விற்றவர்கள் தாக்கல் செய்த விவரம் தானாக வந்து சேரும் 2ஏ படிவத்தோடு ஒப்பிட்டபோது தவறு தெரிந்தது. கர்நாடகத்திலிருந்து வாங்கிய சரக்கு பல இடங்களில் உள்ளூர்க் கொள்முதலாகப் பதிவாகியிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டியில் வர வேண்டிய வரி, மத்திய, மாநில ஜிஎஸ்டியாகப் பிரிந்து நின்றது. ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்த இடங்களும் உண்டு. தாக்கல் செய்த 3பி படிவத்தைத் திருத்த வழியில்லை. அடுத்த மாதப் படிவத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். வியாபாரி கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

அலுவலகத்துக்குள் இரண்டு கருத்துகள் எழுந்தன. ஊழியர்களின் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் மென்பொருளைப் போட வேண்டும் என்றார் பங்குதாரர்களில் ஒருவர். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு கவனமாக வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தப் பெண்மணியிடமிருந்து பெரிய கணக்குகளை எடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். இரண்டுமே அவர் கவனமில்லாமல் வேலை செய்தார் என்ற முடிவிலிருந்து பிறந்தவை. பல ஆண்டுகள் பிசகாமல் எழுதிய கை ஒரே மாதத்தில் பழுதாகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதையும் முடிவு செய்யும் முன் அவர் வேலை செய்வதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

ஒரு மாலை நேரம். அலுவலகக் கணினியின் திரையில் அவரும் இணைந்திருந்தார், நானும் என் வீட்டிலிருந்து இணைந்துகொண்டேன். போனில் பேசியபடியே பில் ஒன்றை ஏற்றச் சொன்னேன். சரக்கு விற்றவரின் பெயரைத் தட்டினார். என் திரையில் பெயர் வந்துவிட்டது. “இன்னும் வரவில்லை சார்” என்றார். சற்றுப் பொறுத்து எண்டர் விசையைத் தட்டினார், அசைவில்லை என்று மறுபடியும் தட்டினார். அவர் திரை அப்படியே நிற்க, என் கண்ணெதிரே சுட்டி இரண்டு கட்டம் தாண்டியது. கொள்முதல் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டத்தில், பட்டியலில் முதலாவதாக ஒளிர்ந்த உள்ளூர்க் கொள்முதல் தானாக ஏறிக்கொண்டது. கடைசியில் பதிவை ஏற்கலாமா என்று டேலி கேட்ட கேள்விக்கும், தேங்கி நின்ற எண்டர் ஒன்று போய் ஆம் என்று பதில் சொல்லிவிட்டது. அவர் திரைக்கு இவையெல்லாம் வந்து சேர்ந்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது அடுத்த வெற்றுப் பதிவு மட்டும்தான். பில் ஏறவில்லை என்று நினைத்து மறுபடியும் அதையே தட்டத் தொடங்கினார்.

டேலியில் எல்லாவற்றுக்கும் எண்டர்தான். அந்த வேகம் அலுவலகத்தில் அவருக்கு வரமாக இருந்தது. தாமதமாக வரும் திரையில் அதே வேகம் தவறுகளை அடுக்கிக்கொண்டே போனது.

காரணத்தைத் தேடியபோது

இந்தத் தாமதம் ஏன்? அவருடைய கணினிக்கு இணையம் போனின் ஹாட்ஸ்பாட் வழியாக வந்தது. ஒரு நாளுக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு வைத்த திட்டம். அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகச் சரிந்துவிடும். அதே போனில்தான் மகள் பாடக் காணொளிகளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் நிலையும் சொல்லப்பட வேண்டியது. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போய், ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். மூன்று மாதமாக நாளையே தேர்வு என்பது போலப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் போனைப் பிடுங்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதன் பிறகு செய்த பதிவுகளில்தான் பிழைகள் குவிந்திருந்தன. புது டேட்டா நள்ளிரவில் வரும் என்பதால் 12 மணிக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். நள்ளிரவுப் பதில்களின் காரணமும் அதுதான்.

அது பாதிக் காரணம். வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதி அனுப்பச் சொன்னேன். நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். ஐந்து மணிக்கு மோட்டார். ஏப்ரலில் மளிகையும் காய்கறியும் மதியம் ஒரு மணிக்குள் வாங்கியாக வேண்டியிருந்தது, அதற்கு மேல் கடை இருக்காது. மாமியாருக்குச் சாப்பாடு நேரம் தவறக்கூடாது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி மே 5 முதல் சந்தை மூடப்பட்ட பிறகு, காய்க்காகத் தள்ளுவண்டியை எதிர்பார்த்து வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. கணவரின் கடை மார்ச்சிலேயே மூடிவிட்டது, சம்பளம் பாதி. வீட்டில் ஐந்து பேரும் நாள் முழுக்க இருந்ததால் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அலுவலகம் கேட்ட 9.30 முதல் 6.30 வரையிலான நேரத்தில், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்கூட அந்தத் தாளில் இல்லை.

“ஆபீஸுக்கு வரும்போது வீட்டில் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்தது சார். இப்போது அது இல்லை” என்றார். இந்த ஆய்வை எழுத என்னைத் தூண்டியது இந்த வரிதான். ஊரடங்கு காலத்தில் இணைய வேகத்தைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் நிறையப் பேசினோம். வேலை போய் இறங்கிய வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது, அதில் பெண்களின் பங்கு மிக அதிகம் என்பதை எத்தனை அலுவலகங்கள் கணக்கில் எடுத்தன?

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

திரையைப் படமெடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஏற்கெனவே திணறும் இணைப்பில் இன்னொரு சுமையை ஏற்றுவதால் பயனில்லை என்பது ஆடிட்டருக்கு உடனே புரிந்தது.

வேலை செய்யும் முறையையே மாற்றினோம். வீட்டிலிருந்து நேரடியாக டேலிக்குள் எழுதுவது நின்றது. பதிவுகளை இணையமே இல்லாமல் எக்செல் தாளில் எழுதி, முடிந்ததும் ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். பிராட்பேண்ட் இணைப்புள்ள இளைஞர் ஒருவர் அதைச் சிறு நிரல் வழியாக டேலியில் ஏற்றி, மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பதில் சொல்வார். எக்செல்லில் எண்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான்; தெரியாமல் எதுவும் உறுதியாகிவிடாது. பில்களின் படங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் கலைந்து வந்துகொண்டிருந்தன. ஒரு படத்தில் ஒரு பில், பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், மூலையில் பென்சிலால் எண் எழுதியிருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கும் ஒழுங்கு வைத்தோம். முணுமுணுத்தவர்களும் பின்பு பழகிக்கொண்டார்கள்.

கூடுதல் டேட்டா ரீசார்ஜ் செலவை அலுவலகம் ஏற்றது. ஆகஸ்டில் வீட்டுக்குக் கம்பி இணைப்பு வந்தபோது அதன் மாதக் கட்டணத்தையும் ஏற்றது.

நேரம் பற்றிய முடிவில்தான் விவாதம் நடந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் வேலை வேண்டாம் என்று நாங்கள் சொன்னபோது அவர் மறுத்தார். இரவுதான் அமைதி, அதையும் எடுத்துவிட்டால் எப்போது எழுதுவது என்று கேட்டார். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு ஐந்து மணிக்கு மோட்டார் போட எழுகிற உடம்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது எங்கள் கவலை. கடைசியில் காலை 5.30 முதல் 8.30 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை என்று முடிவானது. அதற்கு அவர் வீட்டில் ஒரு நிபந்தனை வைத்தார்: காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் கணவர் பொறுப்பு. மாமியாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. தம் மகன் சமையலறையில் நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பாமல், தாமே எழுந்து வந்து காய் நறுக்கத் தொடங்கினாராம். எப்படியோ, அந்த இரண்டு வேளையும் அந்தப் பெண்மணியின் கையிலிருந்து இறங்கியது. அலுவலகம் தலையிட முடியாத இடம் அது. ஆனால் வேலை நேரத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தது வீட்டில் பேச அவருக்குத் துணை நின்றது.

வீடியோ கூட்டங்களை நிறுத்திவிட்டு, மாலையில் அன்றைய வேலையை நான்கைந்து வரியில் எழுதி அனுப்பினால் போதும் என்று மாற்றினோம்.

ஜூன்: தெரு அடைக்கப்பட்டபோது

ஜூன் தொடக்கத்தில் அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்ப் போர்ஷனில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. தெருமுனையில் தகரம் அடித்தார்கள், வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. பொது மோட்டாரைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். சம்பளத்தோடு விடுப்பு தந்தோம். அவர் காலை மூன்று மணி நேரத்தை மட்டும் விடவில்லை. எழுதும்போது பயம் தெரியவில்லை என்றார். கட்டாயம் இல்லை, முடிந்ததைச் செய்யலாம் என்று சொல்லி, கெடு உள்ள கணக்குகளை மற்றவர்களுக்குப் பிரித்தோம். மாமியாரின் மாத்திரைகள் தீர்ந்தபோது, அயனாவரத்தில் இருக்கும் சக ஊழியர் வாங்கிவந்து தகரத் தடுப்புக்கு மேலாகக் கொடுத்துவிட்டுப் போனார். மாமியாருக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது.

ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது, எல்லோரும் தேர்ச்சி. வீட்டில் ஒரு பாரம் இறங்கியது. ஆனால் படித்ததெல்லாம் வீணானதே என்று மகள் இரண்டு நாள் அழுதாள் என்று பின்னர் சொன்னார்.

பின்னர் நடந்தவை

புதிய முறைக்கு மாறிய பின் பெரம்பூரிலிருந்து வந்த கோப்புகளில் பழைய சுத்தம் திரும்பியது. மார்ச் மாதப் பிழைகள் ஏப்ரல் மாதப் படிவத்தில் சரிசெய்யப்பட்டன. ஹார்டுவேர் வியாபாரி எங்களோடு தொடர்ந்தார். உண்மையான சோதனை அக்டோபரில் வந்தது. 2ஏ படிவத்தில் தெரிவதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கக்கூடாது என்ற வரம்பைப் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிவைத்து, செப்டம்பர் மாதப் படிவத்தில் மொத்தமாகச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஏழு மாதக் கொள்முதலையும் ஒப்பிடும் அந்த வேலையை அவரே முன்னின்று முடித்தார். எக்செல் தாள்களும் எண்ணிட்ட படங்களும் கைவசம் இருந்ததால், எந்தப் பில் என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அலுவலகத்தில் மின்சாரம் நின்றது. பழைய முறையில் இருந்திருந்தால் எல்லோர் வேலையும் நின்றிருக்கும். எக்செல்லில் எழுதியவர்கள், தங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தவரை எழுதினார்கள்.

செப்டம்பர் 1 முதல் மாநகரப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் வாரத்தில் சில நாள் அலுவலகம் வந்தார். நெரிசல் இல்லாத நேரங்களில் பெண்கள் புறநகர் ரயிலில் போக நவம்பர் பிற்பகுதியில் அனுமதி கிடைத்தபின் வந்துபோவது எளிதானது. தணிக்கை தேவைப்படாதவர்களின் வருமான வரிப் படிவங்களுக்கு 2021 ஜனவரி 10, வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு ஜனவரி 15 என்று நீண்டிருந்த கெடுக்களை அலுவலகம் தவறவிடவில்லை.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்ததாகச் சொல்ல முடியாது. அறுபதைத் தாண்டிய கணக்கர் ஒருவரால் சிறிய திரையில் படத்தைப் பார்த்து எண்களைப் படிக்க முடியவில்லை. எக்செல் அவருக்குப் புதிது, கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. போனில் தொகைகளைப் படித்துச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தோம். தான் சும்மா சம்பளம் வாங்குவதாக அவர் நினைக்கத் தொடங்கினார். நவம்பரில் விலகிக்கொண்டார். கைக்கணக்கில் அவருக்கு இணையான ஆள் எங்கள் அலுவலகத்தில் இன்றும் இல்லை.

மாற்ற வேண்டியவை

வேலையை வீட்டுக்கு அனுப்பும் அன்றே வீட்டைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். இதற்காக இப்போது ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறோம்: வீட்டில் எத்தனை பேர், நோயாளி உண்டா, போன் யார் யார் கையில் போகிறது, டேட்டா எப்போது தீரும், எந்த நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே வேலை நேரம் முடிவாகிறது. ஒருவரின் வேலையில் திடீரென்று பிழை கூடினால், எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன் ஒருவர் அவரோடு சேர்ந்து அதே திரையைப் பார்க்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இருக்கை விஷயத்தில் நாங்கள் எதுவும் செய்யவில்லை. தையல் மெஷின் பலகையில் பல மாதம் குனிந்து எழுதியதில் அவருக்குக் கழுத்து வலி வந்து இன்னும் இருக்கிறது. ஒரு மேசையும் நாற்காலியும் கணினியோடு சேர்ந்தே போயிருக்க வேண்டும். மூத்த ஊழியர்களுக்கு, இயல்பு நாட்களிலேயே பக்கத்தில் உட்கார்ந்து எக்செல் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைப் பின்னர் தொடங்கினோம்.

2021 மே 10 அன்று தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. இந்த முறை அந்தப் பெண்மணி அலுவலகத்திலிருந்து கணினியோடு ஒரு மடக்கு மேசையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை 5.30 என்ற நேரத்தைத் தாமே தாளில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.